வெட்டுக்குறி போட்ட வீடு

என் அண்ணன் கட்டிய வீட்டில் முதலில் எழுந்தது வாசல்தான். சுவர் இல்லை, கூரை இல்லை, தரை கூட இல்லை. ஆம்பூருக்கு வெளியே எங்கள் அப்பா விட்டுப்போன காலி மனையின் நடுவில் பர்மா தேக்கில் செய்த ஒரு நிலை மட்டும் மாலையும் மஞ்சளுமாக நின்றது. நல்ல நாள் பார்த்து, நவதானியம் போட்டு, மேளம் வைத்து அதை நட்டார்கள். நட்ட மறு வாரம் ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் சண்டை வந்து வேலை நின்றுவிட்டது. பதினான்கு மாதம் அந்த நிலை அப்படியே நின்றது.

அண்ணன் அதைச் சுற்றிக்கொண்டு போகமாட்டார். இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து, நிலைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போவார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பொட்டல்தான். பார்க்க வருகிறவர்களும் அப்படியே செய்தார்கள். அவர் பார்க்கும்போது நானும் குனிந்து நிலைக்குள் போவேன். அவர் பார்க்காதபோது ஆடுகளோடு சேர்ந்து சுற்றிப் போவேன். எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. மனதில் ஏளனமாக நினைத்துக்கொள்வதோடு சரி. அதில் மட்டும் நான் குறை வைத்ததில்லை.

அந்த வீடு ஆறு வருஷமாக எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு வெல்லமண்டி, வசதி இருந்தது. குறைவு வசதியில் இல்லை. கொத்தனார் வந்தால் சுண்ணாம்பு வெந்திருக்காது. சுண்ணாம்பு வெந்தால் அதை அரைக்கும் மாட்டுக்குக் கால் நொண்டும். மாடு தேறினால் மாதம் சரியில்லை என்று ஜோசியர் சொல்வார். ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, புரட்டாசியில் தெற்குச் சுவரைத் தொடக்கூடாது. மிச்ச மாதங்களில் மேஸ்திரி வீட்டில் யாருக்காவது கல்யாணம். சுவர் இடுப்பளவு வந்ததும் மேஸ்திரி ஒதுங்கி நின்று, தலையைச் சாய்த்து, தன் வேலையைத் தானே மெச்சுவார். கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் போட்டு அரைத்த சாந்து, ஆயிரம் வருஷம் நிற்கும் என்பார். நிற்கட்டும். ஆயிரம் வருஷம் நிற்கப்போகிற சுவரில் ஒரு வருஷம் கூட யாரும் சாய்ந்து உட்கார முடியவில்லை.

நான் அப்போது ஒரு டேனரியில் குமாஸ்தா. தோல்களுக்குக் குறி போட்டு, தரம் பார்த்து, மூட்டை கட்டி அனுப்புகிற வேலை. எங்களிடமும் அதே சுண்ணாம்புதான், அதே கடுக்காய்தான். நாற்பது நாளில் பச்சைத் தோல் பதமாகி ரயிலேறிச் சென்னப்பட்டணம் போய்விடும். அண்ணனோ என் சட்டையில் நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, தன் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் என்னைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நிற்கச் சொல்வார்.

இதெல்லாம் அண்ணனுடைய பைத்தியம் என்று விட்டிருப்பேன். ஆனால் அதன் நடுவில் அக்கா மாட்டிக்கொண்டாள்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள், அண்ணனுக்கு இளையவள். குழந்தை இல்லை. புருஷன் செத்தபிறகு பிறந்த ஊருக்கே வந்துவிட்டாள். ஏலகிரி அடிவாரத்துப் பெண்கள் உரித்துக் கொண்டுவரும் ஆவாரம்பட்டையை வாங்கி, காயவைத்து, கட்டுக்கட்டி டேனரிக்குப் போடுவாள். தோல் பதப்படுத்த அந்தப் பட்டை வேண்டும். நல்ல பட்டை எது, தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய பட்டை எது என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் சம்பாதித்து அவள் சாப்பிட்டாள். இடம் ஒன்றுதான் இல்லை. அப்பாவின் பழைய மண்வீடு ஒரு மழையில் உட்கார்ந்துவிட்டது. அப்பா விட்டுப்போன காலி மனையோ அண்ணன் பேரில். தன் வீடு முடிந்ததும் பின்கட்டில் அவளுக்கு ஓர் அறை என்று அண்ணன் சொன்னார். அது வரைக்கும் இடுப்புயரச் சுவரில் சாய்த்துப் போட்ட கீற்றுச் சாய்ப்பில் இருந்தாள். நானோ கல்யாணம் ஆகாதவன். டேனரிக் கிடங்கின் மூலையில் ஒரு தட்டி மறைவில் படுத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மழைக்காலம் அவள் அந்தச் சாய்ப்பில் நனைந்தாள். ஐந்தாவது மழையில் பதினைந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். அந்தச் செய்தி அரக்கோணத்துக்கு எட்டியது. அங்கே அவள் புருஷனுடைய அண்ணன் இருந்தார். ரயில்வேயில் பெட்டிகளுக்கு ஃபிட்டர். அடுத்த ஆவணியில் ஒருநாள் வந்து சாய்ப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு அண்ணனையும் என்னையும் கூப்பிட்டு, நட்டை முறுக்குகிற மாதிரி அழுத்தி அழுத்திச் சொன்னார்.

“எங்க ஊட்டுப் பொண்ணு மழையில நனைஞ்சிக்கினு கிடக்கறா. ஊர்ல எங்களத்தான் கேப்பாங்க. ஐப்பசி பொறக்கறதுக்குள்ள தலைக்கு மேல கூரை இருந்தா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா மொத தேதி வந்து கூட்டிக்கினு போய்டுவேன்.”

தை பிறக்கட்டும், கிரகப்பிரவேசம்தான் என்றார் அண்ணன். ஐந்து வருஷமாக அதே தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரக்கோணத்துக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டில் மனைவி நோயாளி, நான்கு பிள்ளைகள், பகல் வேலைக்கும் ராத்திரி வேலைக்கும் தனித்தனிச் சமையல். அக்கா அன்று பட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: “அங்க போனா நான் அடுப்புக்கு வாக்கப்பட்டவளா ஆய்டுவேன்டா. இங்க என் பட்டைய நம்பி பத்து பொம்பளைங்க மலையில இருந்து எறங்கறாளுங்க.”

வீடு கட்ட எத்தனை காலம் ஆகும் என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐப்பசிக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

எங்கள் தோல் மூட்டைகள் விஷயமாக நான் அடிக்கடி பக்கத்து ரயில் சந்திப்புக்குப் போவேன். அங்கே பிளேக் காலத்தில் பயணிகளை நிறுத்திச் சோதிக்க ஒரு முகாம் போட்டிருந்தார்கள். முகாமுக்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளைக்கார டாக்டர் தங்குவதற்கு ஒரு வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு வராந்தா. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கல் கால்களின் மேல் நின்றது. கறையான் ஏற முடியாது. கப்பலில் துண்டு துண்டாக வந்து, ஒரே நாளில் பூட்டப்பட்ட வீடு என்று கூட்ஸ் ஆபீஸில் சொன்னார்கள். ஒவ்வொரு பலகைச் சட்டத்திலும் கறுப்பு மையில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் ஓர் எண்ணும். அடுத்தடுத்த எண்களைச் சேர்த்து வைத்து போல்ட்டைப் போட்டு முறுக்க வேண்டியதுதான். நல்ல நாள் எது என்று அந்தப் பலகைகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

முகாமை எடுத்த பிறகு அந்த வீட்டை ஏலம் போட்டார்கள். பிளேக் வீடு என்று யாரும் கிட்டே வரவில்லை. அதில் நோயாளி ஒருவன்கூடப் படுத்ததில்லை. டாக்டர் ஒருவர்தான் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். ஆனாலும் வந்திருந்த எட்டுப் பேரும் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். நான் கையைக் காது வரைக்கும்தான் தூக்கினேன். கூச்சம். அதற்கு மேல் தூக்க வேண்டிய அவசியம் வரவில்லை; வீடு அக்காவுக்கு என்று ஆகிவிட்டது.

கழற்றுவதற்கு எங்கள் டேனரியில் சுண்ணாம்புக் குழி பார்க்கும் பாயும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. பாய் பலசாலி, வாய் ஓயாது. ஒவ்வொரு சட்டமாகக் கழற்றி இறக்கியதும் நான் பேனாக்கத்தியை எடுத்து அதன் ஓரத்தில் குறி வெட்டினேன். கிழக்குச் சுவர் என்றால் மேல் மூலையில், மேற்கு என்றால் கீழ் மூலையில், வடக்கு என்றால் இடது பக்கவாட்டில், தெற்கு என்றால் வலது பக்கவாட்டில். நேர்வெட்டு ஒன்று என்றால் ஒன்று. சாய்வெட்டு என்றால் ஐந்து. டேனரியில் தோலுக்குப் போடுகிற அதே குறி. மையால் எழுதினால் சுண்ணாம்புக் குழி அதைத் தின்றுவிடும். கத்தி வெட்டைத் தின்னாது. அதனால் எங்கள் ஊரில் எந்தத் தோலுக்கும் யாரும் மையில் எழுதுவதில்லை.

பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னா குமாஸ்தா, இது ஆட்டுத்தோலா? அதான் இம்மாம் பெரிசா நம்பர் எழுதியிருக்குதே.”

பழக்கம் என்றேன். வேறு காரணம் ஒன்றும் அப்போது இல்லை. மையின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான்.

கூட்ஸ் வண்டியில் ஆம்பூர் வந்து, அங்கிருந்து ஆறு மாட்டு வண்டிகளில் வீடு ஊர்வலம் போனது. ஜனங்கள் கடைகளை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர், சவப்பெட்டி இத்தனை எதற்கு என்று கேட்டார். மனையின் ஒரு கோடியில், அண்ணன் வீட்டிலிருந்து தள்ளி, பலகைகளை அடுக்கினோம். அண்ணன் நிலைக்குள் நின்றுகொண்டு பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று நினைத்துவிட்டேன். அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை பாயின் ஆட்கள் வந்து பூட்டித் தருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் போனபோது அடுக்கு முழுக்க வெள்ளை வெளேர் என்று இருந்தது.

அண்ணன் சுத்தம் செய்திருந்தார். நாலு ஆட்களை வைத்து ஒவ்வொரு பலகையையும் செங்கல் பொடியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கச் சொல்லி, அதன்மேல் இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்து, ஐயரைக் கூட்டி வந்து மாவிலையால் தண்ணீர் தெளித்திருந்தார். பிளேக்கும் போயிற்று, வெள்ளைக்காரன் எச்சிலும் போயிற்று. எண்களும் போயின. ஒரு பலகையில் ஓர் எழுத்தின் வால் மட்டும் மிச்சம் இருந்தது.

அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தன் வீட்டுக்கு அரைத்து வைத்திருந்த சுண்ணாம்பு என்றும், ஒரு வாரம் வேலை நின்றாலும் பரவாயில்லை என்றும் சொன்னார். வேலை எந்த வாரம் நடந்தது என்று நான் கேட்கவில்லை. எண்களைப் பற்றி அக்கா கேட்டதற்கு, வீடு என்றால் கொத்தனார் கண்ணால் பார்த்துக் கட்டுவது, நம்பர் போட்டுக் கட்டுவதற்கு அது என்ன ரயில் டிக்கெட்டா என்றார். மேஸ்திரி பக்கத்தில் நின்று தலையாட்டினார். நாற்பத்தெட்டு சட்டங்கள், எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே வெள்ளை. ஆனால் போல்ட்டுத் துளைகள் ஒன்றுக்கொன்று வேறு. மாற்றி வைத்தால் ஒன்றோடொன்று பொருந்தாது. எழுத்துக் கூட்டத் தெரியாதவன் கையில் கொடுத்த புத்தகம் மாதிரி மேஸ்திரி அந்தப் பலகைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இதை அடுப்பெரிக்க வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு சட்டத்தின் மேல் மூலையைத் தடவினேன். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. அதற்கடியில் வெட்டு இருந்தது. ஒரு சாய்வு, இரண்டு நேர். கிழக்குச் சுவர், ஏழு. நான் அதை அங்கே சொல்லவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் மறுபடியும் தேய்க்கச் சொல்வார் என்று பயம்.

மறுநாள் விடியும்போதே பாய் வந்தார். பலகைகளைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றார். நான் ஒரு மூலையைக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. தன் ஆட்களைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து பேர், இருட்டுக் குழிக்குள் சுண்ணாம்புத் தண்ணீரில் கையை விட்டு எந்தத் தோல் எவனுடையது என்று தடவிச் சொல்கிறவர்கள். அவர்களுக்கு இது பகல் வெளிச்சத்தில் விளையாட்டு. ஒருவன் மூலையைத் தடவிச் சுவரைச் சொல்வான். இன்னொருவன் எண்ணைச் சொல்வான். மற்றவர்கள் தூக்கி நிறுத்துவார்கள். இடையில் ஜும்மா தொழுகைக்குப் போய் வந்தார்கள். சூரியன் சாயும்போது அக்கா தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே நாள். எதிரே அண்ணன் வீட்டில் மேஸ்திரி அன்று முழுக்க ஒரு ஜன்னல் இடுக்கைப் பூசிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டின் பெருமையை மட்டும் சொன்னால் பொய்யாகும். தகரக் கூரை சித்திரையில் அடுப்பு. கூரையின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினால்தான் மத்தியானம் உள்ளே இருக்க முடியும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அண்ணன் இந்த இரண்டையும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். ஆனால் மழையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காய்ந்த பாயில் படுப்பதற்கும், மழையைச் சத்தமில்லாமல் உடம்பில் வாங்கிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் மழைக்காலத்தில் மண்டி மாடியில் படுப்பவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐப்பசி முதல் தேதி. காலை ரயிலில் அரக்கோணத்துக்காரர் வந்து இறங்கினார். கையில் அக்காவின் சாமான்களைக் கட்ட ஒரு கயிறு. பலகை வீட்டைப் பார்த்ததும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். அக்கா வராந்தாவில் நின்று அவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் படியில் கால் வைக்கும் நேரத்தில்தான் அண்ணன் வந்தார்.

விஷயம் இவ்வளவுதான். அந்த ஒரு வாரம் முழுக்க, அண்ணன் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நிலைக்குள் குனிந்து வந்து, இரண்டு நிமிஷம் நின்று, பிறகு அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பலகையைத் தட்டிப் பார்த்தார்கள், போல்ட்டை எண்ணினார்கள், ஒரே நாளா, ஒரே நாளா என்று கேட்டார்கள். ஆறு வருஷமாகக் கிடைத்த மரியாதை ஆறு நாளில் இடம் மாறிவிட்டது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அரக்கோணத்துக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார், எங்களைப் பார்க்கவில்லை.

“இந்தப் பொட்டி நிக்கறது என் மனையில. என் வாசலுக்கு எதிர்ல பிளேக் கொட்டகை நிக்கக் கூடாது. இன்னிக்கே எடுக்கணும். அவ ஒங்க கூட வந்தா கௌரவமா அனுப்பி வெக்கறேன்.”

எத்தனையோ பதில்களை வழக்கம்போல மனதில் மட்டும் சொல்லிக்கொண்டேன். அரக்கோணத்துக்காரர் கயிற்றின் சுருளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அக்கா உள்ளே போனாள். சாமான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு ஸ்பானரோடு திரும்பி வந்து அதை என் கையில் வைத்தாள்.

“கழட்டுடா” என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்: “ஒன் மனைய நீயே வெச்சிக்கோ. நான் என் ஊட்டத் தூக்கிக்கினு போறேன்.”

அண்ணனுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியும் என்பது அவர் மூளைக்குள் நுழையக்கூடிய விஷயமே இல்லை. மனையைக் காட்டி மனுஷரைப் பயமுறுத்தலாம் என்றுதான் அவருக்குத் தெரியும். செங்கல் வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. அதைத்தான் அவர்கள் சொந்தம் என்கிறார்கள்.

நான் பாய் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஆட்களோடு வந்து, கேள்வி கேட்காமல் கூரைமேல் ஏறினார். எங்கே கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்தரை மணிக்குத் தகரங்கள் இறங்கின. பட்டை கொண்டுவந்த மலைப் பெண்கள், கட்டுகளை இறக்கிவிட்டுப் பலகை தூக்க வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அக்காவின் வீடு ரோட்டோரத்தில் ஓர் அடுக்காகக் கிடந்தது. வானம் மேற்கே கறுத்திருந்தது. பாய் கையைக் கழுவிக்கொண்டு, டேனரியின் பட்டைக் கிடங்குக்குப் பக்கத்தில் காலி இடம் கிடக்கிறது, முதலாளி மசூதிக்கு வருவார், தொழுகை முடிந்ததும் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்களோடு போய்விட்டார்.

ரோட்டில் நாங்கள் மூன்று பேர்: பலகை அடுக்கின் மேல் அக்கா, போல்ட்டுக் கூடையோடு நான், கயிற்றோடு அரக்கோணத்துக்காரர். அவருக்குச் சாயங்காலம் ரயில். காத்திருந்தால் போதும் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. முதலாளி முடியாது என்று சொன்னால் அக்காவுக்குப் போக இடமில்லை, மழை வரப்போகிறது. அக்கா அரக்கோணம் போய்விடுவாள். நான் கிடங்கு மூலைக்குப் போய்விடுவேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அக்கா புடவையில் ஒட்டியிருந்த பட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சும்மா உட்கார முடியாமல் நான் நட்டுகளை போல்ட்டுகளில் திருகி வைத்துக்கொண்டிருந்தேன். அரக்கோணத்துக்காரர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். ஒரு போல்ட்டை எடுத்து வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தார். அதன் திருகு மரையில் அண்ணன் அடித்த சுண்ணாம்பு ஏறியிருந்தது.

“யார்யா இதுல சுண்ணாம்பு போட்டது?” என்றார். அவர் குரலில் முதல்முறையாக நிஜமான கோபம் இருந்தது. “இப்படியே முறுக்கினா மரை செத்துப்போவும். அறிவு இருக்குதா? எண்ணெ இருக்குதா?”

அக்கா எழுந்து போய், மாட்டுவண்டிக்காரனிடம் அச்சுக்குப் போடும் எண்ணெயைக் கொட்டாங்கச்சியில் வாங்கி வந்தாள். அவர் கோட்டைக் கழற்றி அந்தக் கயிற்றின் மேல் போட்டார். உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, நட்டை ஓட விட்டுப் பார்த்தார். நூற்றுக்கு மேல் இருக்கும். என்னைத் திட்டிக்கொண்டே செய்தார். அவரோடு பேசியதிலேயே எனக்குச் சுலபமாக இருந்த நேரம் அதுதான். திட்டுகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பாய் தொழுகைத் தொப்பியோடே வேகமாக வந்தார். தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். முதலாளி சரி என்றுவிட்டார். பட்டைக்கும் காவலாக இருக்கும், ஆள் இருந்தால் நல்லது என்றாராம். பட்டை ஏற்றிவந்த வண்டிகளே இருந்தன. இரண்டு மணிக்குள் அடுக்கு முழுக்கக் கிடங்குப் பக்கம் போய்விட்டது. இந்தத் தடவை குறியைத் தடவக்கூட அதிக நேரம் ஆகவில்லை. எந்தப் பலகை எங்கே என்று ஆட்களுக்கே பழகிவிட்டது. அரக்கோணத்துக்காரர் ஸ்பானரை யாரிடமும் கொடுக்கவில்லை. பாய் ஒரு போல்ட்டைக் கையால் முறுக்கியதும் இவர் போய் அரைச் சுற்று கூட முறுக்குவார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்: “பேஜார் புடிச்ச ஆளு. ஆனா தோஸ்த், வேலை தெரிஞ்ச ஆளு.”

ஒரு அறைக்குத் தகரம் போட்டு முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் அந்த ஒரு அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். இன்னொரு அறைக்கு மேலே வானம். அரக்கோணத்துக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு மூட்டாகக் கண்ணால் தேடினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. மழையின் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. அதனால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மழை விட்டதும் அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். ஊர்ப் பேச்சு, கௌரவம், எங்கள் வீட்டுப் பெண் என்று எதுவும் எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போல்ட்டுக்கு எண்ணெய் போடச் சொன்னார். கயிற்றை அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

“இருக்கட்டும். கொடி கட்டிக்கோ” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அண்ணன் வீடு அதற்கு மூன்று வருஷம் கழித்து முடிந்தது. பெரிய வீடு, ஒப்புக்கொள்கிறேன். மாடி உண்டு. வடக்குச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. அதை மறைக்க ஒரு சாமி படம் உண்டு. அவர் பிள்ளைகள் இருவரும் பாகம் பிரித்துக்கொள்ள முயன்றபோது அந்த ஆயிரம் வருஷச் சுவரை இரண்டாக்க முடியவில்லை. நடுக்கூடத்தில் செங்கல்லால் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பினார்கள். அது அந்தப் பர்மாத் தேக்கு நிலைக்கு நடுவில் வந்து முட்டியது. இப்போது ஒருவர் நிலையின் இடது பாதியிலும் இன்னொருவர் வலது பாதியிலும் பக்கவாட்டில் நுழைகிறார்கள். அண்ணன் எந்தப் பாதியில் வலது காலை எடுத்து வைக்கிறார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அக்காவின் வீடு அதன்பிறகு இன்னொரு தடவை இடம் மாறியது. டேனரி பெரிதானபோது கிடங்குக்குப் பின்னால் இருநூறு அடி தள்ளி. அப்போது நான் வெளியூர் போயிருந்தேன், ஆட்களே செய்துவிட்டார்கள். நானும் தட்டி மறைவை விட்டு இரண்டாவது அறைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதை எழுதுவது அங்கிருந்துதான்.

பொங்கலுக்கு ஊரே வெள்ளை அடிக்கும். அக்கா அடிக்கவிடமாட்டாள். வாசலில் சுண்ணாம்பு வாளியோடு யாராவது வந்தால் விரட்டிவிடுவாள். அன்றைக்கு அவள் செய்வது ஒன்றுதான். கொட்டாங்கச்சியில் எண்ணெயை எடுத்துக்கொண்டு, சுவர் சுவராகப் போய், போல்ட்டுகளுக்குத் தடவுவாள். கையில் மிச்சம் இருக்கும் எண்ணெயைப் பலகை மூலைகளில், என் கத்தி வெட்டுகளின் மேல் தேய்ப்பாள். போன பொங்கலன்று, இனிமேல் எங்கே போகப் போகிறோம், எதற்கு அதையெல்லாம் தேய்க்கிறாய் என்று கேட்டேன்.

“ஒங்கண்ணன் இன்னும் உசிரோடதானே இருக்கான்” என்றாள்.